வீணாக ஒலிக்காது

பிப்ரவரி 9

வக்கீலுக்கு,

சின்ன வயதில் நான் வைத்த பட்டப்பெயரிலேயே கூப்பிடுகிறேன். பாசத்தில் இல்லை. உன் நிஜப் பெயரை எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

போன் பண்ணாதே. போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுவாய். வைத்து அரை மணி நேரம் கழித்துத்தான் நான் தோற்றதே எனக்குத் தெரியும். காகிதத்தில் எழுது. அடித்துத் திருத்தினால் தடம் இருக்கும்.

அப்பா விழுந்துவிட்டார். வியாழக்கிழமை காலையில் நான் பல் தேய்க்கப் போனபோது குளியலறை வாசலில் கிடந்தார். எப்போது விழுந்தார் என்று தெரியாது. கை சில்லிட்டிருந்தது. ஒரு காலில் மட்டும் ஷூ போட்டிருந்தார். பஸ் ஓட்டிய காலத்து நினைப்பில் முதல் டிரிப்புக்குக் கிளம்பியிருக்கிறார். இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது. நாலு கட்டில் போட்ட வார்டில், ஜன்னலுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறார். என்னை "கண்டக்டர்" என்று கூப்பிடுகிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் "மூணு மாசம் அப்பாவை உன்கூட வச்சுக்கோ" என்று கேட்டேன். "மூணாவது மாடி, லிஃப்ட் இல்லக்கா" என்றாய். இனி போன் பண்ணாதே என்றேன், நீயும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டாய். அதைப் பற்றிப் பேச இப்போது எழுதவில்லை.

போன மாதம் ஆன்லைனில் ஒரு படுக்கை அலாரம் வாங்கினேன். மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவில் போடுகிற நீலப் பட்டை. படுத்திருப்பவர் எழுந்தால் என் அறையில் இருக்கிற பெட்டி கத்த வேண்டும். அன்றைக்குக் கத்தவில்லை.

அதை வாங்க வைத்தது விலை இல்லை, படம் இல்லை. முதல் வரி. "அவர் எழுந்துவிடுவாரோ என்று ஒரு காதைக் கழற்றி அவர் அறையில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறீர்களா? இனி இரண்டு காதும் உங்களோடு தூங்கும்." படித்துவிட்டு அழுதேன். எல்லா வீட்டிலும் மகள்கள் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது, நான் மட்டும் தனி இல்லை என்று அத்தனை ஆறுதலாக இருந்தது.

நேற்று வார்டில் உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். ஒரு காதைக் கழற்றி வைக்கிறேன் என்று நான் சொன்னது ஒரே ஒரு ஆளிடம்தான். நீ ஏதோ ஒரு ஆன்லைன் கடைக்கு விளம்பரம் எழுதுகிறாய் என்று தெரியும். எந்தக் கடை என்று நான் கேட்டதில்லை.

அதை எழுதியது நீயா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

ஆமாம்.

ஒரு வார்த்தையில் நிறுத்திக்கொள்ள எனக்குத் தெரியாது, உனக்கே தெரியும். "வாய் உள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அம்மா சொல்லிச் சொல்லியே என்னை இந்தத் தொழிலுக்கு அனுப்பினாள்.

என் வேலையை உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. பொருளை நாங்கள் பார்ப்பதில்லை. கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு தாள் வரும். அதில் நீளம், அகலம், பேட்டரி, ஒயர், எல்லாம் அம்சங்களாக இருக்கும். அம்சத்தைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை, பயனைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அதனால் ஒவ்வொரு அம்சத்துக்கும் கீழே "அதனால் என்ன?" என்று கேட்டு எழுத வேண்டும். ஒயர் இல்லை. அதனால் என்ன? கால் தடுக்காது. அதனால் என்ன? இருட்டில் பயமில்லாமல் நடக்கலாம். பதில் வாங்குகிறவரின் வயிற்றில் போய்ப் படும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவிக்குக் கத்தரி என்று பெயர், மிச்ச வார்த்தையை அப்படி வெட்டுவாள். அவள் சொல்லித் தந்தது இது. இன்னொன்றும் சொல்லித் தந்தாள். ஊருக்கு எழுதாதே, ஒரே ஒரு ஆளை மனதில் வைத்து அவருக்கு எழுது.

நான் உன்னை வைத்துக்கொண்டேன். சமையல் பாத்திரம், தலையணை, முழங்கால் பட்டை, எதுவானாலும் நீதான். நீ போனில் அலுத்துக்கொண்டதெல்லாம் என் காதில் அப்படியே இருக்கிறது. திருடினேன் என்று சொல்வாய். எனக்கு அது உன்னோடு பேசுவது போல இருந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதே. பட்டையை எங்கே விரித்திருந்தாய்? தோளுக்குக் கீழே விரித்தால் சரியாக வேலை செய்யாது, இடுப்புக்குக் கீழே வர வேண்டும். மெத்தை ரொம்பத் தடிமனாக இருந்தாலும் சிக்கல். வழிமுறைத் தாளில் இருக்கும். இப்படி நிறைய பேர் தப்பாக விரித்துவிட்டுப் பொருளைக் குறை சொல்கிறார்கள்.

லீவு கேட்டிருக்கிறேன். வரட்டுமா? அப்பா என்னைக் கேட்டாரா?

தம்பி


பிப்ரவரி 23

வக்கீலே,

உன் கடிதத்தையே திருப்பி அனுப்பியிருக்கிறேன், பார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். "உன்னை மனதில் வைத்துக்கொண்டேன்." அதனால் என்ன? "உன்னோடு பேசுவது போல இருந்தது." அதனால் என்ன? நல்ல கேள்வி இது. உன் தலைவி கெட்டிக்காரிதான்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியை அடித்திருந்தாய். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். "இதில் என் தப்பு எதுவும் இல்லை" என்று இருந்தது. இதற்காகத்தான் காகிதத்தில் எழுதச் சொன்னேன்.

விரித்த விதம் தப்பா என்று கேட்கிறாய். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். மேடையே கோணல்டா இங்கே. கேள்.

அப்பாவின் கட்டிலில் பட்டை போட்டபடியே இருக்கிறது, இடுப்பு வருகிற இடத்தில்தான். வீட்டுக்கு வந்து நான் படுத்து எழுந்தேன். கத்தியது. கீழ்வீட்டு டீச்சர் படுத்து எழுந்தார். கத்தியது. வாங்கின அன்றைக்கும் நான்தான் படுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் கத்தியது. பிறகு டீச்சரே ஒரு யோசனை சொன்னார். "ஆளுக்குக் கத்துது சரி. அப்பாவுக்குக் கத்துமானு யாரு பாத்தா? தண்ணி கேன் வச்சுப் பாக்கலாமா?" இருபது லிட்டர் கேன் இரண்டை மெத்தையில் ஏற்றி இறக்கினோம். சத்தமே இல்லை. மூன்று வைத்து இறக்கினோம். தெருவே கேட்கிற மாதிரி கத்தியது.

வார்டில் ஸ்ட்ரெச்சரோடு சேர்த்து அப்பாவை எடை போட்டு, கழித்து எழுதியிருக்கிறார்கள். முப்பத்தொன்பது கிலோ.

அந்தப் பட்டைக்கு அப்பா ஒரு ஆளே இல்லை. அவர் படுத்திருந்ததும் அதற்குத் தெரியாது, எழுந்து போனதும் தெரியாது. யாரும் படுக்காத கட்டிலைத்தான் அது ராத்திரி முழுக்கக் காவல் காத்திருக்கிறது.

உனக்கு வந்த தாளில் எடை எழுதியிருந்ததா? இருந்தது என்றால் அதை எங்கே போட்டாய்? விற்பனைப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை மூன்று தடவை படித்துவிட்டேன். பதினைந்து பயன் போட்டிருக்கிறாய், எடையைக் காணோம்.

நீ வர வேண்டாம். வந்தால் பேசுவாய். ஒரே ஒரு காரியம் செய். அந்தப் பக்கத்தில், முதல் வரிக்குப் பக்கத்தில், எத்தனை கிலோவுக்குக் கீழே இது உதவாது என்று எழுது. இன்றைக்கும் எவளோ ஒருத்தி அதைப் படித்து அழுதுகொண்டிருப்பாள். அவள் வாங்குவதற்குள் எழுது.

அக்கா


மார்ச் 3

அக்கா,

எடை இருந்தது. தாளில் ஒன்பதாவது வரி. "குறைந்தபட்ச எடை 45 கிலோ."

எங்கே போட்டேன் என்று கேட்டாய். அது அந்தப் பக்கத்திலேயேதான் இருக்கிறது. நீயே மூன்று தடவை படித்திருக்கிறாய். ஐந்தாவது பயன். "தலையணை, போர்வை, பூனை, எதற்கும் வீணாக ஒலிக்காது. உண்மையான தேவைக்கு மட்டுமே உங்களை எழுப்பும்."

நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே உணராது. அதனால் என்ன என்று கேட்டேன். சின்னச் சின்ன அசைவுக்குக் கத்தாது. அதனால் என்ன? பொய் அலாரம் இல்லை. அதனால் என்ன? நீ நிம்மதியாகத் தூங்கலாம். அந்த வரியைக் கத்தரி எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். "பாருங்க, ஒரு குறையை எப்படிப் பயனா மாத்திட்டான்" என்றாள். எழுந்து நிற்கச் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றேன்.

மறைக்க வேண்டும் என்று செய்யவில்லை. இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை, ஆனால் இதுதான் நடந்தது. எழுதும்போது நீ மட்டும் என் மனதில் இல்லை, அப்பாவும் இருந்தார். அவர் உட்கார்ந்தால் சோபா முனகும். ஸ்கூட்டரில் ஏறினால் பின் டயர் அமுங்கும். டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் ஒரு பக்கமாக இறங்கிப்போய் டிப்போவில் அவருக்கென்று தனி சீட் கேட்டார்கள். அந்த அப்பா கட்டிலில் படுத்திருந்தார். அவர் எழுந்தால் அலாரம் அலறும் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. நாற்பத்தைந்து என்ற எண்ணைப் பார்த்தபோது பூனைதான் ஞாபகம் வந்தது, அப்பா வரவில்லை.

இரண்டு வருஷமாக அவரைப் பார்க்காத ஒருவன்தான் இப்படி எழுத முடியும்.

நாளைக் காலையில் கத்தரியிடம் பேசுகிறேன். எடையை முதல் வரிக்குப் பக்கத்தில் போடுவேன். சத்தியமாக.

அவருக்கு எப்படி இருக்கிறது? ஏதாவது சாப்பிடுகிறாரா?

தம்பி


மார்ச் 14

அப்பா போய்விட்டார். எட்டாம் தேதி. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதுகிறேன். முன்னாலேயே உனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று நினைத்தேன், சொல்லவில்லை. இதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

கேட்டாயே, அதற்குப் பதில். உன்னைக் கேட்டார். "ரிலீவர் வந்துட்டானா?" என்று கேட்டார். அடுத்த ஷிப்டுக்கு வண்டியை வாங்கிக்கொள்ள வருகிறவன். அது நீதான் என்று நானாக வைத்துக்கொண்டேன். "வந்துட்டு இருக்கான்ப்பா" என்று சொன்னேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான் என்று ஊரில் சொல்வார்கள். நீ மறைக்கவே இல்லை. அதை நறுக்கி, இலையில் முதலாவதாகப் பரிமாறி, நன்றாக இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறாய். நானும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டிருக்கிறேன். பூனையே இல்லாத வீட்டில், பூனைக்குக் கத்தாதாமே என்று சந்தோஷப்பட்டவள் நான்.

இன்று காலையில் பக்கத்தைப் பார்த்தேன். முதல் வரி அப்படியே இருக்கிறது. பூனையும் அப்படியே இருக்கிறது. எடை இல்லை. புதிதாக ஒரு சிவப்புப் பட்டி மட்டும் சேர்ந்திருக்கிறது. "அதிகம் விற்பனையாகிறது."

சத்தியம் என்று எழுதியிருந்தாய்.


மார்ச் 22

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் நின்று படித்தேன். என் அப்பா செத்ததைத் தபாலில் தெரிந்துகொண்டேன். நான் என்ன செய்திருந்தாலும், இதை நீ செய்திருக்கக் கூடாது. அவர் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கிற அளவுக்காவது நான் அவருக்குப் பிள்ளைதான். உன்னை மன்னிக்க எனக்கு நாளாகும். நீயும் என்னை மன்னிக்கப் போவதில்லை என்று தெரியும். சரிக்குச் சரியாகப் போகட்டும்.

எடை விஷயம். சொன்னபடி நாலாம் தேதியே கத்தரியிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். நம் அப்பா என்று சொன்னேன். அவள் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். கெட்டவள் இல்லை அவள். "உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. இதே பட்டையை ஏழு கடை விக்குது. நம்ம பக்கத்துல மட்டும் 'உதவாது'ன்னு போட்டா, வாங்குறவங்க வாங்காம இருக்க மாட்டாங்க. அடுத்த கடையில வாங்குவாங்க. அவங்களுக்கும் நல்லது நடக்காது, நமக்கும் நடக்காது" என்றாள். அந்த ஏழு கடையையும் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் என் வரிதான். காதும் பூனையும் அப்படியே, ஒரு கமா கூட மாறாமல் திருடி வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் யாரையும் கேட்காமல் நானே எடையை ஏற்றினேன். சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். அடியில், யாரும் திறக்காத விவரப் பெட்டியில் மட்டும் விட்டிருக்கிறார்கள். இப்போது எனக்கு அந்தப் பக்கத்தைத் தொட அனுமதி இல்லை. வாணலிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒட்டாத வாணலியால் வாழ்க்கை எப்படி மாறும் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அதை விற்பது என் வரி இல்லை. வாங்குகிறவர்கள் நாங்கள் எழுதுவதை நம்புவதில்லை, கீழே இறங்கி ரிவ்யூவைத்தான் படிக்கிறார்கள். முதலாவதாக இருக்கிற ரிவ்யூவைப் பார். ஐந்து ஸ்டார். "மூன்று நாளாகத் தூங்குகிறேன். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அப்பாவும் முதல் டிரிப் என்று கிளம்பாமல் அசையாமல் தூங்குகிறார். கழற்றி வைத்த காது திரும்பி வந்துவிட்டது." பெயர் போடவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் பேர் "உதவியாக இருந்தது" என்று அழுத்தியிருக்கிறார்கள்.

முதல் டிரிப் என்று சொல்கிற அப்பா வேறு யாருக்கு இருக்கிறார்? வந்த அன்றைக்கே உன் எழுத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை மேலே கொண்டுபோய் வைத்தவனும் நான்தான். விற்பனைக்காக இல்லை அக்கா. இரண்டு வருஷத்தில் உன்னிடமிருந்து எனக்கு வந்த ஒரே நல்ல சேதி அது. அக்கா தூங்குகிறாள் என்று அன்றைக்கு ஆபீசில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

என் வரியை எடுக்க எனக்கு அனுமதி இல்லை. உன்னுடையதை யாராலும் தொட முடியாது, உன்னைத் தவிர.

தம்பி


மார்ச் 30

வக்கீலே,

நீ சொன்ன ரிவ்யூவைப் போய்ப் பார்த்தேன்.

அந்த ரிவ்யூ எனக்கு மறந்தே போயிருந்தது. எழுதிய அன்று காலையில் வெயில் வந்த பிறகு எழுந்தேன், தலை லேசாக இருந்தது. யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லை, அதில் போய் எழுதினேன். ஒரு தடவைகூடக் கத்தவில்லை என்பதைப் பாராட்டாக எழுதியிருக்கிறேன் பார். அது கத்தாததற்கு ஐந்து ஸ்டார் போட்ட ஒரே முட்டாள் நான்தான் என்று நினைத்தேன். கீழே பார்த்தால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் அதையே எழுதியிருக்கிறார்கள். "ரொம்ப அமைதியான பொருள்" என்கிறாள் ஒருத்தி. அவள் வீட்டில் யார் எத்தனை கிலோவோ.

அந்த நாட்களில் சில காலையில் சமையலறையில் டம்ளர் ஈரமாக இருக்கும். நாற்காலி இடம் மாறியிருக்கும். நானே வைத்துவிட்டு மறந்திருப்பேன் என்று துடைத்து வைப்பேன். அப்பா தினமும் எழுந்து நடந்திருக்கிறார். அலாரம்தான் கத்தவில்லையே என்று நான் என் கண்ணையே நம்பவில்லை.

தபாலில் சொன்னது பற்றி. உன் கோபம் நியாயம்தான்.

பழைய ரிவ்யூவுக்குப் பதிலாக நடந்ததை எழுதினேன். ஒரு ஸ்டார் போட்டேன். அப்பா இறந்துவிட்டார், இது ஏமாற்று வேலை, யாரும் வாங்காதீர்கள் என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "உங்கள் கருத்து தயாரிப்பைப் பற்றியதாக இல்லாததால் வெளியிட இயலவில்லை. முந்தைய கருத்து தொடரும்." மறுபடியும் எழுதினேன், மறுபடியும் அதே பதில். என் பழைய சந்தோஷம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அழிக்கலாமா என்று கேட்கிறது. அழித்தால் அந்த அமைதியான பொருள்காரி மேலே வந்துவிடுவாள்.

நீ என்னை அழ வைத்து வாங்க வைத்தாய். அந்த வித்தை உனக்குத் தெரியும். அதே வித்தையில் ஒருத்தி வாங்காமல் போகிற மாதிரி எழுதித் தா.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

இதை ஐந்தாவது தடவையாக எழுதுகிறேன். அடித்த தாள்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொள்.

அழிக்காதே. திருத்து. திருத்தினால் இடமும் மாறாது, நாலாயிரம் பேரும் போக மாட்டார்கள்.

இறந்துவிட்டார், ஏமாற்று, வாங்காதீர்கள், இந்த மூன்று வார்த்தையும் வேண்டாம். அவற்றைப் பிடிக்க ஒரு சல்லடை வைத்திருக்கிறார்கள், மனிதர்கள் படிப்பதற்கு முன்பே நின்றுவிடும். பொருளைப் பற்றி மட்டும் பேசு. முதல் இரண்டு வரிதான் வெளியே தெரியும், மிச்சத்தை "மேலும் படிக்க" என்று மடித்துவிடுவார்கள். அதனால் எடை முதல் வரியிலேயே வர வேண்டும்.

ஊருக்கு எழுதாதே. ஒருத்திக்கு எழுது. அவளுக்குக் கண் எரிகிறது, அப்பா பக்கத்து அறையில் இருக்கிறார், வாங்கும் பட்டனுக்கு மேல் விரல் வைத்திருக்கிறாள்.

நான் எழுதிப் பார்த்தது இது. "நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருப்பவர்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. என் அப்பா முப்பத்தொன்பது கிலோ, அவருக்கு ஒரு நாளும் ஒலிக்கவில்லை. வாங்குவதற்கு முன் உங்களவரின் எடையைப் பாருங்கள். போட்ட பிறகு நீங்கள் படுத்துப் பார்க்காதீர்கள், அவரைப் படுக்க வைத்துப் பாருங்கள்."

இனி சொல்லப் போவதற்குத்தான் நாலு தாளை அடித்தேன்.

ஐந்து ஸ்டாரை மாற்றாதே. ஒரு ஸ்டார் போட்டால் அன்றைக்கே அடியில் போய்விடும், அடியில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. ஐந்து இருந்தால்தான் மேலே நிற்கும், சல்லடையும் பார்க்காது. அப்பாவை விழ விட்ட பொருளுக்கு ஐந்து போடு என்று உன்னிடம் கேட்கிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இதற்குள் "அதனால் என்ன?" என்று கேட்டுக் கேட்டுப் போனேன். அடியில் எந்தப் பயனும் இல்லை. அந்த ஒருத்தி வாங்க மாட்டாள், அவ்வளவுதான்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

போட்டேன்.

நீ எழுதிக் கொடுத்ததை அப்படியே போடவில்லை, ஒரு வரி சேர்த்தேன். எடை பார்க்கிற மெஷின் எத்தனை வீட்டில் இருக்கிறது, அதில் ஏறி நிற்கக் கூடியவர்கள் எத்தனை பேர் என்று நீ யோசிக்கவில்லை. "எடை பார்க்க முடியாவிட்டால் அவரைத் தூக்கிப் பாருங்கள். உங்களால் தனியாகத் தூக்க முடிந்தால், இது அவருக்கானது இல்லை." இப்படி எழுதினேன்.

இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். ராத்திரியில் தானாக எழுந்து நடக்கிற அப்பா பகலில் காலை ஊன்றவே மாட்டார். முதல் வருஷம் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற டீச்சரின் கணவரைக் கூப்பிடுவேன். போகப் போக நானே தூக்கினேன். கடைசியில் ஒரு கையில் அவரும் ஒரு கையில் வாளியுமாகக் குளியலறைக்குப் போயிருக்கிறேன். பழகிப்போச்சு, எனக்குப் பலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். டீச்சரிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன். தினமும் கையில் தூக்கியவளுக்கே தெரியவில்லை. பார்க்காத உன்னை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்டாரை அது மறுபடியும் கேட்டது. பழையதை அப்படியே விடும் என்று நினைத்திருந்தேன், விடவில்லை. திருத்தினால் புதிதாக அழுத்த வேண்டுமாம். ஒன்று, இரண்டு என்று ஒவ்வொன்றாக அழுத்தினேன். ஐந்தாவதை அழுத்தியதும் மஞ்சளாகப் பூத்து, "உங்கள் மகிழ்ச்சியைப் பகிர்ந்ததற்கு நன்றி" என்றது. அந்த வரியை எழுதியதும் நீயா என்று கேட்கவில்லை.

நேற்று அதன் கீழே ஒருத்தி கேட்டிருந்தாள். "எங்க அம்மாவை நான் தனியாத்தான் தூக்குறேன். அப்ப இது வேண்டாமா?" வேண்டாம் என்று எழுதினேன். "வேற என்ன வாங்கலாம்?" என்று கேட்டாள். பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதினேன்.

அப்பாவின் கட்டிலில் இப்போது நான் படுக்கிறேன். பட்டையை எடுக்கவில்லை. திரும்பிப் படுக்க எழுந்தால்கூட அடுத்த அறையில் அந்தப் பெட்டி கத்துகிறது. கேட்க அங்கே யாரும் இல்லை. தூக்கம் எப்படியும் வருவதில்லை, கத்தட்டும் என்று விட்டிருந்தேன். நாலைந்து நாளாக அதுவும் ஒரு தடவை கத்துகிறது, ஒரு தடவை விட்டுவிடுகிறது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று புதிதாகப் போட்டேன். பேட்டரி இல்லை.

நீ என்னையும் பழைய எடையிலேயே மனதில் வைத்திருப்பாய்.

வந்து பார்.

அக்கா